குறுக்குவழி

வாசலில் போத்தல்களின் சட்டையை உரிக்கிறார்கள்.
லேபல் இல்லாத தண்ணீர்தான் உள்ளே போகலாம்.
பிஸ்கட்டைப் பழைய பேப்பரில் கொட்டி
உறையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார் காவலர்.
வெள்ளவத்தையிலிருந்து வந்த ஐந்து பேரும்
அதையும் படம் எடுக்கிறார்கள்.
காலை ஆறேகால். புல்லில் உறைபனி.
என் பையில் உரிக்க ஒன்றுமில்லை:
ரொட்டி, கட்டச்சம்பல், கயிறு,
மடித்த சாக்கு ஒன்று.

சாக்கு எதற்கென்று கேட்டது
துவாரகா மட்டும்தான்.
உட்கார, என்றேன்.
பாதி உண்மை.

ஏழு கிலோமீட்டர் கிரிகல்பொத்தை உச்சிக்கு.
முதல் இரண்டில் எல்லோருக்கும் வாய் இருக்கும்.
பிறகு மூச்சு மட்டும் கதைக்கும்.
மரை ஒன்று பாதைக்கே வந்து
கபிலேஷின் கையை முகர்ந்தது.
பாண் போடாதீங்க சேர், என்றேன்.
அவர் கையை மடக்கிக்கொண்டார்.
மரை நகரவில்லை.
எனக்கு முன்பே யாரோ
அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில்
பாதை மலைத்தோளைச் சுற்றிப் போகும்.
நேரே மேலே ஒரு பள்ளம் ஏறும்.
"இதுவும் அங்கேதானே போகுது?"
அங்கேதான் போகுது சேர்.
"எவ்வளவு மிச்சம்?"
இருபது நிமிஷம்.
"அப்ப ஏன்?"
சுற்றித்தான் போகணும், என்று
முன்னால் நடந்தேன்.

பதினொரு வருஷத்துக்கு முந்திய தை.
ஒரு ஜெர்மன்காரருக்குப்
பட்டிப்பொலையில் ரயில் பிடிக்கவேண்டும்.
புல்லை விலக்கி நேரே இறக்கினேன்.
கூலிக்கு மேல் ஆயிரம் ரூபா.
இரண்டாம் தடவை போனபோது
புல் இன்னும் சாய்ந்தே கிடந்தது.
மூன்றாம் தடவை அது வழி.
நாலாம் தடவை
யாரென்றே தெரியாத ஆட்கள்
எனக்கு முன்னால் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.
அப்புறம் மழை கண்டுபிடித்தது.
மழைக்கும் குறுக்குவழி பிடிக்கும்.

இப்போது என் இடுப்பளவு ஆழம்.
கறுப்பு மண் போய்
அதன் கீழிருந்த செம்மண்ணும் போய்
வெள்ளைக்கல் பல்லைக் காட்டுகிறது.
ஓரத்தில் நின்ற சிவப்புப் பூமரத்தின் வேர்
காற்றில் தொங்குகிறது,
கைப்பிடி என்று நினைத்து
எல்லோரும் பிடித்துப் பிடித்து
வழுவழுத்துப் போய்.

பத்தரைக்கு மூட்டம் இறங்கியது.
உச்சிக்கு இன்னும் கால்மணி நேரம்,
ஆனால் என் கையே எனக்குத் தெரியவில்லை.
திரும்புவோம், என்றேன்.
ஒருவரும் அசையவில்லை.
கபிலேஷ்தான் கணக்குப் பார்த்துச் சொன்னார்:
"அந்த வழியால வந்திருந்தா
இந்நேரம் மேலே நின்றிருப்போம்."

சரியான கணக்கு.
ஆறு மாதம் காசு சேர்த்து வந்தவர்கள்.
அவர்கள் முகத்தைப் பார்க்காமல்
கயிற்றை அவிழ்த்து
ஒவ்வொருவர் இடுப்பாகக் கோத்துக்கொண்டு
கீழே பார்த்து நடந்தேன்.

பள்ளத்தின் அடிவாரத்தில் மூட்டம் விலகியது.
எல்லோரும் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்கள்,
பேச்சில்லாமல்.
நான் சாக்கை எடுத்தேன்.
மழை கொண்டுவந்து குவித்த மண்ணைக்
கையால் அள்ளினேன்.
மேலே, குறுக்காகப் போட்டிருந்த பட்டமரக் கிளைகளுக்குப் பின்னால்
கொட்டவேண்டும்.
போன வருஷம் அங்கே
விரற்கடை உயரத்துக்குப் புல் வந்தது.
இந்த முறை கிளைகளை
யாரோ ஏறுவதற்காக இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
மறுபடி அடுக்கவேண்டும்.
ஒரு சாக்கு பதினைந்து கிலோ வரும்.
பள்ளத்துக்கு அது ஒரு வாய் சோறு.

துவாரகா எழுந்து வந்தாள்.
மண்டியிட்டு
சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.
நகத்துக்குள் மண் ஏறியது.
கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டாள்:

"இந்த வழிய முதல்ல போட்டது யாரு?"

நல்லா விரிச்சுப் பிடிங்க மிஸ், என்றேன்,
சிந்துது.