புள்ளிக்கோடு

புதுவயல் போகிற சாலைக்குத் தெற்கே
சர்வே எண் 214, உட்பிரிவு 2ஏ.
மூன்று ஏக்கர் நாற்பது சென்ட், செம்பூராங்கல் மேட்டோடு.
கூட்டுப்பட்டாவில் ஏழு புள்ளி.
ஆறு புள்ளி காரைக்குடிக்கு வந்து கையெழுத்துப் போட்டது.
ஏழாவது ஈப்போவிலிருந்து பவர் எழுதி அனுப்பியது,
முத்திரை கொஞ்சம் நனைந்திருந்தது.

நான் படம் வரைகிறவன்.
கல்லுக்கட்டியில் மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர்.
கொல்லையை மனையாக்க நாலு நாள் போதும்.
முதலில் சாலை.
முப்பதடிக்குக் குறைந்தால் கோப்பு திரும்பி வரும்.
பிறகு முனைகள்:
இரண்டு சாலை கூடும் இடத்தில்
மனையின் மூக்கைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும்.
இன்னும் யாரும் குடிவராத தெருவில்
இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை
சைக்கிளைச் சடாரென்று திருப்பும் என்று
யாரோ ஓர் அதிகாரி
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.
விதிகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

பிறகு பூங்கா. பத்தில் ஒரு பங்கு.
"அதை அந்தப் பள்ளத்துல தள்ளுங்க" என்றார் அடைக்கப்பன்.
"தண்ணி நிக்கிற எடத்தை எவன் காசு குடுத்து வாங்குவான்?
புல்லுதானே, நனையட்டும்."
தள்ளினேன்.
மௌஸை ஓர் அங்குலம் இழுத்தால்
பள்ளம் பூங்காவாகிவிடும், பச்சை நிறத்தில்.
மேட்டிலிருந்து இறங்கும் ஓடை
வருவாய்த்துறைப் படத்தில் வெறும் புள்ளிக்கோடு.
அதன்மேல் பதினொன்று முதல் பதினான்கு வரை
நாலு மனை கச்சிதமாக உட்கார்ந்தது.

நகரமைப்பு ஆய்வாளர் ஜுலைகா பீவி
சித்திரை வெயிலில் வந்தார். கையில் குடை, விரிக்கவில்லை.
டேப்பைக்கூடக் கேட்கவில்லை.
என் வண்டியிலிருந்த தண்ணீர்க் கேனை வாங்கி
பதினோராம் மனைக் கல்லருகே கவிழ்த்தார்.
இருபது லிட்டர்.
செம்மண் கொஞ்சம் குடித்தது.
மீதி எழுந்து நடந்தது,
பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு,
எந்த எல்லைக்கல்லிடமும் வழி கேட்காமல்.
நாங்கள் மூவரும் அதன் பின்னாலேயே போனோம்.
அடைக்கப்பன் வாயில் வெற்றிலை.
துப்ப இடம் பார்த்தார், விழுங்கிவிட்டார்.

"இது யார் பேர்ல பட்டா?" என்றார் ஆய்வாளர்
தண்ணீரைக் காட்டி.
பிறகு சிவப்புப் பென்சிலால்
நாலு மனையையும் அடித்தார்.

ஒரு சென்ட் என்பது
நானூற்று முப்பத்தைந்து புள்ளி ஆறு சதுர அடி.
அந்தப் புள்ளி ஆறுக்காக
ஏழு புள்ளியும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த வருஷங்கள் உண்டு.
இப்போது போனதோ பதினாலு சென்ட்.
ஈப்போவிலிருந்து நடுராத்திரியில் அழைப்பு:
"தண்ணிக்கு எட்டாவது பங்கா?"
ஆமாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

திரும்ப வரைந்தேன். பூங்கா மேட்டுக்கு ஏறியது.
ஆவணியில் சாலை, பூங்கா, வாய்க்கால் மூன்றும்
தானப்பத்திரமாகப் பேரூராட்சிக்குப் போயின.
'முழுமனதுடன்' என்று டைப் அடித்திருந்தார்கள்.
அந்த வரி வந்ததும் அடைக்கப்பன்
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

ஐப்பசியில் மழை.
ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போனேன்.
நான் போட்ட வளைவில், போட்ட அகலத்தில்
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தட்டினேன்.

கிழக்கு எல்லைவரைதான்.
ஊருணிக்கு முன்னால் 214/2பி கிடக்கிறது.
அங்கே அங்கீகாரம் இல்லை, படம் இல்லை.
வெள்ளையடித்த கல், நைந்த கொடி, பன்னிரண்டடிச் சந்து,
வரன்முறைக்கு எழுதிப்போட்ட ரசீது.
என் வாய்க்கால்
நேராக ஒரு வீட்டுக்குள் நுழைந்தது.

கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு
ஒருவர் வாசலுக்கு வந்தார்.
முழங்கால்வரை நனைந்திருந்தார்.
"எந்த மனைத் தண்ணி தம்பி இது?"

டார்ச்சை அணைத்துவிட்டு
சிலிண்டரின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.