மாத்திரைக்கு ஒரு சட்டை

மன்ரோவில் பிப்ரவரி வந்தால்
கார்க் கதவுகூடத் திறக்க மறுக்கும்.
நான் இரவு ஷிப்ட் முடித்து உள்ளே வருவேன்
வெர்லின் பகல் ஷிப்டுக்கு பூட்ஸ் மாட்டுவான்.
எங்கள் தாம்பத்தியம்
சமையலறையில் தினமும் பதினைந்து நிமிடம்.

அவன் வேலை நிலவறையில்.
உப்புநீரில் நனைத்த துணியால்
சீஸ் உருளைகளைத் துடைப்பான், புரட்டுவான்,
சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்ப்பான்.
பதினான்கு மாதம் வாய் திறக்காதது
இன்று என்ன சொல்கிறது என்று கேட்பானாம்.

எனக்கு நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலை.
ஆரஞ்சுக் குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்து
குளிர்ந்த உருளைமேல் நாடாவாய் இறங்கி
சதுரம் சதுரமாய் வெட்டுப்பட்டு
தனித்தனி பிளாஸ்டிக் சட்டைக்குள் படுத்துக்கொள்ளும்.
நான் பார்ப்பது சட்டை ஒட்டியிருக்கிறதா என்று மட்டும்.
காதைச் சாய்த்தால் மோட்டார்தான் கேட்கும்.

"அது சீஸ் இல்லை, லொரெய்ன்.
சீஸின் பாஸ்போர்ட் போட்டோ."
"உன்னுடையது வீடு முழுக்க சாக்ஸ் நாற்றம்.
என்னுடையது வாயை மூடிக்கொண்டு இருக்கிறது.
அதற்குப் பெயர் மரியாதை."
இருபத்திரண்டு வருடமாய் இதே வசனம்.
கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது,
வசனம் மட்டும் சூடாகவே இருக்கிறது.

அவனிடம் சொல்லாத ஒன்று:
அவன் தட்டிப் பார்த்துத் தள்ளிவிட்ட
விரிசல் உருளைகள் சில
எங்கள் பின்வாசலில்தான் வந்து இறங்கும்.
பெட்டியில் அவன் கையெழுத்து, சாய்ந்த ஏழு.
உருக்கும்போது ஒரு உப்பு போடுவோம்.
எண்ணெயும் தண்ணீரும்
ஒன்றையொன்று விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும்.
அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.
கேட்டதில்லை.

ஓட்டிஸுக்குப் பதின்மூன்று வயதில் இதயம் வீங்கியது.
வெள்ளை மாத்திரை இரண்டு, ரோஸ் ஒன்று,
பாதியாய் உடைக்க வேண்டிய கசப்பு ஒன்று.
வெர்லின் தரையில் உட்கார்ந்து
தன் பொக்கிஷத்தை நறுக்கினான்.
பதினான்கு மாதத்தது பொடிந்து உதிர்ந்தது.
ஆறு மாதத்தது நடுவில் பிளந்தது.
ஓட்டிஸ் சீஸை மட்டும் தின்றுவிட்டு
மாத்திரையைக் கழுவித் துடைத்தது போல்
அவன் பூட்ஸ் பக்கத்தில் வைத்தது.
நான்கு நாள். நான்கு விதம்.

ஐந்தாம் நாள் என் முகம் பார்க்காமல் கேட்டான்:
"உன்கிட்ட... அது இருக்கா?"
"எது?"
பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
"சீஸ்."
நான் சிரிக்கவில்லை.
அவன் கார் தெருமுனை திரும்பும் வரைக்கும்.

அந்த ஆரஞ்சுச் சதுரத்தை நான்காய்க் கிழித்து
கட்டைவிரல் சூட்டில் மடித்தால்
மாத்திரை இருந்த இடமே தெரியாது.
விரிசல் இல்லை, மணமில்லை, கேள்வியில்லை.
ஓட்டிஸ் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.
விடியற்காலையில் கூப்பன் கையோடு
பெட்ரோல் பங்க் கடையில் அவனைப் பார்த்ததாக
டார்லா ஊரெல்லாம் சொன்னாள்.
நிலவறையில் ஒரு வாரம் கிண்டல்.
பதிலே சொல்லவில்லையாம்.

மார்ச் ஒன்பதாம் தேதி ஓட்டிஸ் எழுந்திருக்கவில்லை.
மண் இன்னும் இறுகிக் கிடந்ததால்
தோண்ட முடியாமல்
டாக்டரிடமே விட்டுவிட்டு வந்தோம்.
பிரிட்ஜில் மிச்சம் பதினொரு துண்டு.
கடுகு பாட்டிலை எடுக்கும்போதெல்லாம்
இருவரும் அதைச் சுற்றிக் கைபோட்டு எடுத்தோம்.

ஒரு ஞாயிறு நான் வரும்போது
வாசல் வரைக்கும் வெண்ணெய் வாசனை.
வெர்லின் அடுப்படியில். ரொட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது.
என் துண்டு இரண்டு உள்ளே வைத்து
மேலே தன்னுடையதைச் சீவிப் போட்டிருந்தான்.
"உருகுறதுக்கு இது. கடிக்கிறதுக்கு அது,"
யாரோ கேட்டதுபோல் சொன்னான்.
ருசி எப்படி என்று கேட்டேன்.
"உப்பு ஜாஸ்தி" என்றான்.
முழுக்கத் தின்றான்.

கடைசி ஓரத்தை மட்டும் கிள்ளி,
ஓடும் ஆரஞ்சை விரலால் உருட்டி மடித்து
மேஜைக்கு அடியில் கையை இறக்கினான்.
கை அங்கேயே இருந்தது.
நான் எழுந்து போய்
காபி போட்டேன், இரண்டு பேருக்கும்,
மெதுவாக.