பற்று வரவு

பலகையில் இன்னும்
'சந்தியாகு அண்ட் சன்ஸ்' என்றுதான் இருக்கிறது.
சன்ஸில் ஒருவன் தோஹாவில்.
ஒருவன் தூத்துக்குடி ஐஸ் பிளான்ட்டில்.
அடுப்பு முன்னால் நிற்கிற பிரஸ்காவுக்கு
அப்பா பலகையில் இடம் விடச் சொல்லவில்லை.

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள் நோட்டீஸ் வந்தது.
பாம்பன் முழுக்க விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன.
கடையில் முட்டைக் குழம்பு,
நாட்டுப்படகில் வந்த ரெண்டு கிலோ சூடை, அவ்வளவுதான்.
தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"விளமீன் எப்ப போடுவீங்க?" என்று கேட்டார்.

'உயர் அலைக் கோட்டிலிருந்து
ஐம்பது மீட்டருக்குள் அமைந்துள்ள ஆக்கிரமிப்பு.
பதினைந்து நாட்களுக்குள் அகற்றவும்.'

மூன்று தடவை படித்தேன்.
யார் யாரை ஆக்கிரமித்தது என்று
அதில் எழுதியிருக்கவில்லை.

எழுபத்தொன்றில் இங்கே கொட்டகை போட்டபோது
அப்பா நங்கூரக் கயிற்றால் அளந்தாராம்:
பின்கதவிலிருந்து தண்ணீர் வரை அறுபது பாகம்.
பாகத்துக்கு ஒரு முடிச்சு.
அந்த இடத்தில் வலை காய்ந்தது, ஒரு பூவரசு நின்றது.
தம்பிகள் சிக்ஸர் அடித்தாலும் பந்து நனையாது.
இப்போது நம்புராஜன் அரிசி கழுவிய தண்ணீரை
வாசலில் நின்றபடியே கடலில் ஊற்றுகிறான்.

போனில் தோஹா.
"வித்துரலாம்க்கா. ரிசார்ட்காரன் ரேட்டு ஏத்தியிருக்கான்."
"அவன் தண்ணிக்குள்ளயே தூண் ஊன்றியிருக்கானே,
அவனுக்கு நோட்டீஸ் இல்லையா?"
"அது தற்காலிகக் கட்டடமாம்."
கண்ணாடி போட்ட, ஏசி போட்ட,
லிஃப்ட் வைத்த தற்காலிகம்.

எப்படி மூடுவது?
தெற்குவாடி ஆட்கள் தடைக்காலத்தில் கடனுக்குச் சாப்பிடுகிறார்கள்.
பற்று நோட்டில் இருபத்துமூன்று பெயர்.
மொறாயிஸ் நாலாயிரத்து எழுநூறு.
ஜூன் பாதியில் படகு இறங்கினால்தான் வரவு.
இப்போது மூடினால்
எங்கே போய் நின்று கேட்பேன், எந்த முகத்தோடு?

திங்கட்கிழமை. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்.
டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
முன்னால் முதியோர் பென்ஷன், பின்னால் கண்மாய்த் தகராறு.
பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
மீன் வாடை.
"என்னம்மா இது?"
"ஆதாரம் சார்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
பிறகு ஒருவர் முடிச்சுகளை எண்ண ஆரம்பித்து
நாற்பதில் விட்டுவிட்டார்.
சீல் விழுந்தது: 'நேரில் அளந்து அறிக்கை தரவும்.'

சர்வேயர் சின்னப் பையன்.
மதியம் வந்தவன் ஏற்றத்துக்காகக் காத்திருந்தான்.
பசித்திருக்கும்.
சோறும் சூடைக் குழம்பும் வைத்தேன்.
ரெண்டாவது தடவை குழம்பு கேட்டான்.
நூற்றிருபது ரூபாய் பில்லையும் நீட்டினேன்.
லஞ்சம் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது,
இலவசம் என்று அவனும் நினைக்கக் கூடாது.
டேப்பைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கினான்.
அலை கோட்டை வரைந்தது,
அழித்தது, கொஞ்சம் தள்ளி வரைந்தது.
"எதை எழுதுறதுக்கா?" என்றான்.

அறிக்கை போகும்வரை இடிக்க மாட்டார்கள்.
ஒரு மாதமாகலாம். மழைக்காலம் வரை இழுக்கலாம்.
ஐஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.
வறுவல் கல்லைப் புளி போட்டுத் தேய்க்கிறான் நம்புராஜன்.

ராத்திரி கச்சான் காற்று.
தண்ணீர் பின்படியைத் தொட்டுவிட்டுப் போனது.
வற்றியபின் டார்ச்சும் கயிறுமாய் இறங்கினேன்.
போன மாதம் பதினொன்று.
இன்று ஒன்பதரை.

உள்ளே வந்து பற்று நோட்டைத் திறந்தேன்.
மொறாயிஸுக்குக் கீழே இருபத்துநாலாவது பெயர்:

கடல்.
பற்று, ஒன்றரை பாகம்.
பழைய பாக்கி நாற்பத்தொன்பது.