வரவிருக்கும் ஆல்பத்திலிருந்து

திங்கட்கிழமை ஒன்பதுக்குத்தான் கடை திறப்பார்கள்.
எட்டரைக்கே வந்து நின்றோம் நாலு பேர்,
கிரிம்ஸ்பியின் ஈரக் காற்றில்,
மீன்வாடை போகாத கைகளை
அக்குளில் செருகிக்கொண்டு.
இரவு ஷிஃப்ட் முடித்த கெய்லி
நின்றபடியே தூங்கினாள்.

மார்னி குவெய்லின் மூன்றாவது சிங்கிள்.
முதலாவது பதினான்கில் நின்றது. அடுத்தது ஆறில்.
"படிக்கட்டு மாதிரி ஏறுது பார்,
இனி மொட்டைமாடிதான்" என்றாள் டெல்லா.
மொட்டைமாடியில் ஏற்கெனவே ஒருவன்:
டிவி போட்டியில் ஜெயித்த பையன்,
வாயெல்லாம் பல்,
மூன்று வாரமாக இறங்குவதாயில்லை.

டெல்லாவிடம் ஒரு நோட்டு உண்டு.
எந்தக் கடையில் விற்றால் கணக்கில் ஏறும்,
எந்தக் கடையில் ஏறாது.
சந்தைக்குள் பெர்சியிடம் ஐம்பது பென்ஸ் மலிவு.
ஆனால் பெர்சியிடம் வாங்குவது
இருட்டில் கண்ணடிப்பது.
ஒரே ஆள் ஒரே கடையில் அள்ளினால்
சந்தேகப்பட்டுக் கழித்துவிடுவார்களாம்.
ஆகவே கிளீத்தோர்ப்ஸ். ஆகவே ஸ்கன்தோர்ப்.
ஆகவே ஆற்றுக்கு மேல் அந்த நீளப் பாலம் தாண்டி ஹல்.
சிடி ஒன்று, சிடி இரண்டு, கேசட்.
சிடி இரண்டில் ஒரு ரீமிக்ஸ்;
அது நன்றாக இல்லை என்று
எங்களில் யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் சண்டை.
வெளியிட்டதே தப்பான பாட்டு என்றான் கெல்வின்.
கேரவன் பார்க்கில் மழைக்குள் பாடினாளே,
மைக் பாதியில் செத்துப்போயும் நிறுத்தாமல்,
அந்த மெதுவான பாட்டுதான் வந்திருக்க வேண்டும்.
கம்பெனிக்குக் காது இல்லை என்றான்.
காது இருக்கிறது, காசுதான் இல்லை என்றாள் டெல்லா.
அவனுக்கு ஊரெங்கும் போஸ்டர்.
இவளுக்கு, சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில்
தலை வழியப் பச்சைக் கூழ் ஊற்றினார்கள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
அவ்வளவுதான் விளம்பரம்.

புதன்கிழமை
கெல்வினின் ஒன்றுவிட்ட அண்ணன்,
ரேடியோ நிலையத்தில் கேபிள் சுற்றுகிறவர்,
நடுவாரக் கணக்கைச் சொல்லிவிட்டார்.
முதலிடம்.
கெய்லி போட்ட கூச்சலில்
நாற்பது பெட்டி மீன்விரல்
மூடாமலே நகர்ந்து போயின.
சூப்பர்வைசர் திட்டினார். அவருக்கும் ஒரு கேசட் விற்றோம்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.
வியாழக்கிழமை ஹல்லில், என் பங்கு மூன்றையும் எடுத்த பிறகு,
அவனுடையதையும் ஒன்று எடுத்தேன்.
இரண்டாவது சரணத்தில் ஒரு இடம்,
குரல் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல்
பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.
பத்து நாளாய்ப் பல் இடுக்கில் நார் போல் அது.
தனிப் பை கேட்டேன்.
கல்லாப் பெண் இரண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.
பீப் சத்தம்
கடை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு மாலை, டெல்லாவின் சமையலறை.
மூன்றாம் இடத்தில் அவள் பெயர் வரவில்லை என்று
கை கோத்துக்கொண்டோம்.
இரண்டாம் இடத்தில் வந்தது.
கொஞ்ச நேரம் யாரும் ரேடியோவை அணைக்கவில்லை,
அவன் பாட்டு முழுதும் ஓடியது.
அந்த இடம் வந்தபோது
நான் குழாயைத் திறந்து கோப்பை கழுவினேன்.
டெல்லாவின் புருஷன் எட்டிப் பார்த்து
உருளைக்கிழங்கு போதுமா என்று கேட்டார்.

வித்தியாசம் நானூற்றுச் சொச்சம்.
இன்னும் நூறு பேர் எங்களைப் போல் இருந்திருந்தால்
என்று கெல்வின் கணக்குப் போட்டான்.
நானும் ஒரு கணக்குப் போட்டேன். மிகச் சிறியது.

ஆல்பம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.
பிறகு இலையுதிர் காலத்துக்கு.
பிறகு தள்ளிப்போடக்கூட யாரும் இல்லை.

ஒவ்வொரு உறையின் பின்பக்கமும்
எறும்பு எழுத்தில் இருக்கிறது,
வரவிருக்கும் ஆல்பத்திலிருந்து என்று.
உறைகளை வைத்துக்கொண்டு தட்டுகளை மட்டும்
டெல்லாவின் பட்டாணிப் பாத்திக்கு மேல்
நூலில் கட்டித் தொங்கவிட்டோம், இருபத்தேழு.
வெயில் வந்தால் சுழலும்.
முதல் வாரம் புறாக்கள் பயந்தன.
இந்த வாரம் கால் பங்கு போய்விட்டது என்றாள் டெல்லா,
நோட்டைத் திறந்து.