காலி எடை

கோலக்கெட்டில் மில்லில் எனக்கு வேலை
எடையிலிருந்து எடையைக் கழிப்பது.
குலையோடு வரும் லோரி,
கொட்டிவிட்டுப் போகும் லோரி,
நடுவில் உள்ளதுதான் கணக்கு.
பதினோரு வருஷமாய் அந்த நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னலுக்குப் பின்னால் பம்புக்குளம்.
பசார் மாலத்தில் அஞ்சு வெள்ளிக்கு வாங்கி
அலுத்துப்போன யாரோ விட்டுப் போன
இரண்டு ஆமைகள். காதோரம் சிவப்புக் கோடு.
பெரியது பெண், சாப்பாட்டுத் தட்டு அளவு.
ஆண் அதில் பாதிகூட இல்லை.
நகம் மட்டும் நீளம்,
கல்யாண மேக்கப்புக்காரி வளர்ப்பதைப் போல.

லோரி குறைகிற மத்தியானங்களில் பார்த்திருக்கிறேன்.
அவளை முந்திப் போய்த் திரும்பி
அவன் பின்னோக்கி நீந்துவான்,
அவள் வழியில், அவள் வேகத்தில்,
முகத்துக்கு நேரே முகமாய்.
இரண்டு கையும் நீட்டி, உள்ளங்கையை வெளியே திருப்பி,
அவள் கன்னத்தருகே நகங்களைப் படபடக்கவிடுவான்.
தொட்டதா இல்லையா, தண்ணீருக்குத்தான் தெரியும்.
பாய்லர் ஓடுகையில் என் தேத்தண்ணிமேல் எழுமே,
அவ்வளவு சின்ன நடுக்கம்.

அவள் கண்ணை மூடுவாள்.
அல்லது பாசியைக் கடிப்பாள்.
அல்லது ஒரே உந்தில் அவனைத் தாண்டிப் போவாள்.
அவன் சுற்றி வந்து
முதலிலிருந்து தொடங்குவான்.
கோபமில்லை, கூச்சமில்லை.
ஒருநாள் நாற்பத்து மூன்றுவரை எண்ணினேன்.
அதற்குள் லோரி வந்துவிட்டது.

தனபாலன் லோரி.
இடது சுண்டுவிரலில் அரை இஞ்சு நகம்.
சீட்டு கிடைக்கும்வரை அதால் கண்ணாடியில் தட்டுவான்.
ஒன்றும் கேட்கமாட்டான்.
"இன்னிக்குக் குலை சின்னது" என்பான்.
நான் திரையில் எண்ணைப் பார்ப்பேன்.
அந்த நகத்தை வெட்டினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.
அவனிடம் நான் பேசிய ஆக நீளமான வாக்கியம் அது.
அடுத்த லோடுக்கு வெட்டிவிட்டு வந்தான்.
கண்ணாடியில் சத்தமே இல்லை.
ஜனவரியில் ஜொகூருக்குப் போய்விட்டான்,
கொண்டெய்னர் ஓட்ட.

அவள் நின்றதையும் பார்த்தேன்.
குளத்தடியில், கலங்கலில், அவன் அவள் முதுகில்.
மூச்சுக்காக மேலே வந்தபோது
அவனையும் சுமந்துகொண்டு வந்தாள்.
தண்ணீருக்குமேல் கொஞ்ச நேரம் இரண்டு மூக்கு.
பிறகு இறங்கிவிட்டாள்.
போன் அடித்தது, எடுத்தேன்.

தூர்வார பேக்கோ வந்த வருஷம்
சேற்றோடு அவனை அள்ளி மேட்டில் கொட்டியது.
ஓடுதான் கிடைத்தது.
அவள் எப்படித் தப்பினாளோ.
"ஆமை புகுந்த வீடே உருப்படாது, மில்லு எம்மாத்திரம்"
என்றார் பம்புக்காரர் சுப்புராயன்.
மில்லு நன்றாகத்தான் ஓடியது.
போனஸ்கூடக் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தக் குளத்தில் வேறு ஆமை இல்லை.
இரண்டு வருஷம் கழித்து, மழை மறந்த ஒரு பிப்ரவரியில்
அவள் கரையேறி வந்து
தராசு மேடை இரும்புக்குப் பக்கத்து மண்ணைப்
பின்னங்காலால் பறித்தாள்.
ஒன்பது முட்டை.
"ஆம்பளை இல்லாம ஏது? எல்லாம் கூமுட்டை."
சுப்புராயனுக்கு எல்லாம் தெரியும்.
லோரி டயர் ஏறாமலிருக்க
நான் நான்கு கம்பி நட்டேன்.

எழுபத்தோராம் நாள் மூன்று வெளியே வந்தன,
வெள்ளிக்காசு அளவில்,
காதோரம் சிவப்போடு.

வைத்திருந்திருக்கிறாள்.
பம்பு ஓடிய இரவுகளிலும்,
பேக்கோ தோண்டிய பகலிலும்,
தனியாக வெயில் காய்ந்த அத்தனை நாளும்
உள்ளே எங்கோ அவனை.

அன்றைக்கு ஒரு லோரியின் காலி எடையை
எடுக்க மறந்துவிட்டேன்.
முழு எடை மட்டும் பதிவில் நிற்கிறது.
எவ்வளவு கழிக்கணும் என்று மேனேஜர் கேட்டார்.
தெரியலை என்றேன்.