பதினொன்றிலிருந்து பதினான்கு

கப்பலூர் சிட்கோவில் கரண்ட் திரும்பியபோது
மணி ஏழே முக்கால்.
துவாரகநாத்தின் பழைய எஸ்டீமிலிருந்து கழற்றிய ஃபியூயல் ரெயில்
வைஸின் தாடைக்குள், செப்புத் தகடுகளுக்கு நடுவே.

பழைய இன்ஜெக்டருக்குப் பதினோரு மில்லி வாய்,
புதியதற்குப் பதினான்கு.
மூன்று மில்லிதான், சொல்ல எளிது.
சுவரில் மிஞ்சுவது
ஒரு தேய்ந்த எட்டணா கனம்.

பதிமூன்றரை வரை டிரில்,
மிச்சம் அரை ரீமருக்கு.
மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட
தேங்காய்த் துருவலாய் உதிர்ந்தது அலுமினியம்.

"எத்தனை குதிரை ஏறும்ணே?"
"பெட்ரோல் பில் ஏறும், அது நிச்சயம்."
அவன் சிரிக்கவில்லை.

ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவி நான்கையும் உட்காரவைத்து
பம்பை மட்டும் ஓடவிட்டோம்.
மூன்றாவதன் கழுத்தில் ஒரு துளி.
துடைத்தேன்.
வந்தது.
துடைத்தேன்.

"லேசாத்தானே கசியுது,
ரிங் ரோட்டுல ஒரே ஒரு சுத்து..."
சட்டைப்பைத் தீப்பெட்டியை எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
அதைப் பார்த்தபடியே பேனட்டை விட்டு
இரண்டடி தள்ளி நின்றான்.

பிரித்தால், ரப்பர் வளையத்தில் மயிரிழை வெட்டு.
துளை விளிம்பில் ஒரு பிசிர்;
வெர்னியர் காட்டாததை
நகம் கண்டுபிடித்தது.

மூன்றாவதைத் தேய்க்கும்போதுதான்
வீட்டிலிருந்து போன் வந்தது.
தோளில் இடுக்கி, கேஸ் சிலிண்டர் பற்றிப்
பேசிக்கொண்டே தேய்த்தேன்.

"ரப்பர் மட்டம்" என்றேன் அவனிடம்.

பிசிரை எடுத்து, வேறு வளையம் போட்டு
அரை மணி நேரம் பார்த்தோம். உலர்ந்தே இருந்தது.
கூலியில் இருநூறு குறைத்தேன்.
"ஏண்ணே?"
"டீ வாங்கிக் குடு போதும்."