முன்னிலை

பெஞ்சுரு சாலைக் கிடங்கு, மூன்றாம் மாடி.
காலை எட்டரை. குளிர்சாதனம் பதினெட்டில்.
மிஸ்டர் டியோவின் வாயில் வருவதை
இவர்கள் காதில் தமிழாய் இறக்கிவைக்க
எனக்கு மணிக்கு நாற்பது வெள்ளி.

கால்களை அகட்டி வையுங்கள்.
முழங்காலை மடியுங்கள், முதுகை வளைக்காதீர்கள்.
சுமையை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.
'அணைத்து' என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
நானும் சிரித்துவிட்டேன்.
போன மாத வகுப்பில் 'தழுவி' என்றிருந்தேன்,
அது இன்னும் மோசம்.

ஷஹாதத் பேசிப் பிறந்தது வங்காளம்.
பன்னிரண்டு பேர் அறையில் ஆறு வருடம் பொறுக்கிய தமிழில்
மற்ற எல்லோருக்கும் முன்பாக
முழங்காலை மடிக்கிறான், சரியாக.

முதுகெலும்பு எப்படிக் கெடும் என்று காட்ட
மிஸ்டர் டியோ ஒரு கயா பன்னை எடுத்தார்.
ஒரு பக்கமாய் அழுத்தினார்.
மறுபக்கம் பச்சையாய்ப் பிதுங்கியது.
உங்கள் எலும்புகளுக்கு நடுவே இருப்பதும் இப்படித்தான்,
வெளியே வந்தால் லேசில் உள்ளே போகாது, என்றேன்.
யாரும் பேசவில்லை.
விடியுமுன் நாலரைக்கு லாரி ஏறியவர்கள்
பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
இடைவேளை முடிந்தபோது அதைக் காணோம்.
ஷஹாதத்தின் மீசையில் கொஞ்சம் பச்சை.

பயிற்சிப் பெட்டியின் மேல் '20 கிலோ' என்று எழுதியிருக்கும்.
உள்ளே குமிழ் பிளாஸ்டிக்.
காற்றை எல்லோரும் அழகாகத் தூக்கினார்கள்,
முதுகு நேராக, பார்வை முன்னால்,
பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர்கள் போல.
கீழ்த்தளத்தில் டைல்ஸ் பெட்டிகள் காத்திருந்தன,
முப்பத்திரண்டு கிலோ,
விரலை வெட்டும் விளிம்பு.

அத்தனை கனம் என்றால் இருவர்.
எதிரெதிரே நில்லுங்கள்.
கண்ணைப் பாருங்கள்.
ஒருவர் எண்ணுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
உயர்நிலை இரண்டில் உருப்போட்டது நினைவில் வந்தது:
தன்மை, முன்னிலை, படர்க்கை.
நான். எனக்கு முன்னால் நிற்கும் நீ. எங்கோ இருக்கும் அவன்.
சுமைக்கு அந்தப் பக்கம் நிற்பவன்தான் முன்னிலை என்று
எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

கடைசியில் தேர்வு. பத்துக் கேள்விகள்.
வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.
தமிழ்த்தாள் என் கைவேலை.
ஏழாவது: சுமை மிகக் கனமாக இருந்தால்?
அ. வேகமாகத் தூக்குவேன்.
ஆ. துணைக்கு ஒருவரை அழைப்பேன்.
இ. மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
இருபத்திரண்டு தாளிலும் ஆ.
எல்லோரும் தேறிவிட்டார்கள்.

இளவழகன் தாளில் மட்டும்
வட்டத்தை ஒழுங்காக நிரப்பிவிட்டு, ஓரத்தில்
பென்சிலால், எறும்பு அளவு எழுத்தில்:
யாரை?

அவனுக்கு இரவு வேலை.
பலகையில் பார்த்தேன்.
நான்காம் வாசல், பத்திலிருந்து ஆறு, ஒரே பெயர்.
தன்மை ஒருமை.
படர்க்கைக்கு அங்கே குறைவில்லை,
கேமராவில், வாட்ஸ்அப்பில்,
இன்னும் எத்தனை பெட்டி என்று கேட்டபடி.

திருத்தும் எந்திரம் வட்டத்தைத் தவிர எதையும் படிக்காது.
மிஸ்டர் டியோவுக்குத் தமிழ் கோடும் சுழியும்.
எழுத்து மொழிபெயர்ப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு எனக்கு.
அதை யாரிடமும் சொல்லாமல்
பென்சிலுக்குக் கீழே பேனாவை வைத்தேன்.
ஆங்கிலத்தில் எழுதினேன்.
அவன் எழுதியதைவிடப் பெரிதாக.
கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தினேன்.
கட்டின் மேலே அந்தத் தாளை வைத்தேன்.

மிஸ்டர் டியோ எதிரே வந்து நின்று
இரண்டு கையும் நீட்டினார்.
தாள் கட்டுக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது.
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
அவர் நன்றி சொன்னார், இழுத்தார்,
பிறகு என் கண்ணைப் பார்த்தார்.

அவர் குனிந்து வாசிக்கும் வரை
நான் என் முனையை விடவில்லை.